குட்டி ஜப்பான் மேடையில் பெரிய ஜப்பானின் தாளப் பெட்டி

பங்குனி மாசம் விருதுநகர் வந்திருக்கீங்களா? பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல் நடக்கும். சித்திரையில் சிவகாசி பத்ரகாளியம்மன் பொங்கல். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி. இது போக ஊருக்கு ஊர் கொடை, முளைப்பாரி.

எந்தத் திருவிழாவா இருந்தாலும் ஒரு ராத்திரியாவது ஆர்கெஸ்ட்ரா இருக்கும். பாடுறவங்களைத்தான் எல்லாரும் பார்ப்போம். மேடை ஓரத்தில், ஸ்டாண்டில் வைத்த ஒரு கருப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒருத்தர் ரெண்டு குச்சியோட நிற்பார். பெட்டியின் மேல் எட்டு ரப்பர் கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தட்டினா டோலக். அடுத்ததைத் தட்டினா தபேலா. இன்னொன்றில் கைதட்டல். இன்னொன்றில் இடி.

அதுக்குப் பேரு ஆக்டோபேட். நம்ம ஊர்ல சுருக்கமா 'பேட்'.

அடுத்த தடவை மேடைப் பக்கம் போக முடிஞ்சா அந்தப் பெட்டியில் என்ன பேரு இருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் 'ரோலண்ட்' என்று இருக்கும். ஜப்பான் கம்பெனி. அதை ஆரம்பித்தவர் இருபது வயதில் நுரையீரல் காசநோயோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவர்.

இன்னைக்கு அவர் கதையைத்தான் பேசப்போறோம். டாக்டருக்கு எதுக்கு டிரம் மெஷின் வரலாறு என்று கேட்பீங்க. காரணம் ஒரு நோயாளி.

சில வருஷம் முன்னாடி ஒரு தம்பி வந்தார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பகலில் பட்டாசு ஆலை வேலை. திருவிழா சீசனில் ராத்திரி ஆர்கெஸ்ட்ராவில் பேட். காசநோய் உறுதியாகி ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டிருந்தார். அப்புறம் நிறுத்திட்டார். மூணு மாசம் கழித்து அதே இருமல், அதே சாயங்காலக் காய்ச்சல்.

"ஏன் தம்பி நிறுத்துனீங்க?"

"இருமல் நின்னுருச்சு சார். பங்குனி சீசன் வேற. டைம் டைமுக்கு மாத்திரை போட்டா குரூப்ல கேப்பாங்க. டிபின்னு தெரிஞ்சா மேடை ஏத்த மாட்டாங்க சார்."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திட்டி என்ன ஆகப்போகுது? "உங்க பேட்ல என்ன பேரு போட்டிருக்கு?" என்று கேட்டேன். "ரோலண்ட் சார்" என்றார். அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

இகுடாரோ காகெஹாஷி. 1930-ல் ஒசாகாவில் பிறந்தவர். இரண்டு வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். தாத்தா பாட்டி வளர்த்தார்கள். போர் முடிந்த ஜப்பான். சாப்பாட்டுக்கே பஞ்சம். 16 வயதில் கியூஷு தீவில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை போட்டார். அப்புறம் ரேடியோவும் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், காலேஜ் படிக்கலாம் என்று ஒசாகா திரும்பினார்.

அங்கே அவருக்கும் அதே காசநோய்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. நம்ம பக்கம் பெரியவங்களைக் கேட்டா தாம்பரம், தோப்பூர் என்று சொல்வாங்களே, அதே மாதிரி. காகெஹாஷி அங்கே சில வருஷங்கள் இருந்தார். சும்மா இருக்கவில்லை. கூட இருந்த நோயாளிகள், ஊழியர்களின் கடிகாரம், ரேடியோவை எல்லாம் படுக்கையிலிருந்தபடியே சரி செய்து கொடுத்தார். ஆனால் நோய் மட்டும் இறங்கவில்லை. சேமித்த காசு கரைந்துகொண்டே போனது.

அப்போதுதான் ஒரு புது மருந்தின் சோதனைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின். ஒரு வருஷத்துக்குள் உடல் தேறியது.

இந்த மருந்தைப் பற்றி ஒரு டாக்டராகக் கொஞ்சம் சொல்லியாகணும்.

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியை நேரடியாகத் தாக்கிய முதல் ஆன்டிபயாடிக். 1948-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர்.

அதிசயம்தான். ஆனால் சில மாதங்களில் கிருமி இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் இறந்தவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட நெருங்கிவிட்டது. 'காசநோய்க்கு ஒரே மருந்தை மட்டும் கொடுக்காதே, பாதியில் நிறுத்தாதே' என்று நாங்கள் படித்துப் படித்துச் சொல்வது இந்த அனுபவத்தில் வந்ததுதான்.

இன்னொரு விஷயம். ஸ்ட்ரெப்டோமைசினின் முக்கியமான பக்கவிளைவு உள்காதைத் தாக்குவது. தலைசுற்றல் வரும், நடை தடுமாறும், சிலருக்குக் கேட்கும் திறனே குறையும். உலகத்தின் காதை மாற்றப்போகிற ஒருவரைக் காப்பாற்றியது, காதைக் கெடுக்கக்கூடிய ஒரு மருந்து. இன்றைய ஆரம்பகட்டச் சிகிச்சையில் இந்த ஊசி கிடையாது. எல்லாமே மாத்திரைதான்.

சரி, கதைக்கு வருவோம்.

1954-ல் காகெஹாஷி ஒசாகாவில் ஒரு ரேடியோ கடை திறந்தார். பழுது பார்த்துக்கொண்டே மின்னணு ஆர்கன் செய்து பார்த்தார். 1960-ல் ஏஸ் என்ற கம்பெனி. 1964-ல் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சிக்கு ஒரு பெட்டியைக் கொண்டுபோனார். பெயர் ரிதம் ஏஸ் ஆர்-1. பொத்தானை அழுத்தினால் டிரம் சத்தம் வரும். வாங்க ஆள் இல்லை. 'தாளம் தானாக ஓடவேண்டாமா, பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்கணுமா?' என்பது அன்றைய நிலைமை. 1967-ல் தானாகத் தாளம் போடும் எஃப்ஆர்-1 வந்தது. ஹாமண்ட் கம்பெனி அதைத் தன் ஆர்கன்களுக்கு எடுத்துக்கொண்டது. 1972-ல் ரோலண்டைத் தொடங்கினார்.

இந்தப் பெட்டிக்குள் டிரம் கிடையாது. பதிவு செய்த சத்தமும் கிடையாது. அப்புறம் எப்படிச் சத்தம் வருது?

நம்ம ஊர் பாஷையிலேயே சொல்றேன்.

கோயில் மணியை ஒரு தடவை அடிச்சா 'டங்ங்ங்...' என்று அதிர்ந்து மெல்ல அடங்கும் இல்லையா? ஒரு மின்சுற்றை அதே மாதிரி அமைத்து, ஒரு சின்ன மின்துடிப்பால் தட்டினால் அதுவும் அதிர்ந்து அடங்கும். ஸ்பீக்கரில் அது 'டும்ம்ம்' என்று கேட்கும். அதுதான் பெரிய டிரம்.

புஸ்வாணம் கொளுத்தினா 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் வருமே? அதில் கீழ்ச்சுருதி, மேல்சுருதி எல்லாம் ஒரே நேரத்தில் கலந்திருக்கும். டிரான்சிஸ்டரிலிருந்தும் அப்படி ஓர் இரைச்சலை எடுக்கலாம். அதை வடிகட்டி, சட்டென்று வெட்டினால் சின்ன டிரம்மின் 'சட்', கைதட்டல் எல்லாம் கிடைக்கும்.

இதுதான் அனலாக். ஒவ்வொரு அடியையும் மின்சாரம் அப்போதைக்கு அப்போது உருவாக்குகிறது. நிஜ டிரம்மைப் பதிவு செய்து வைத்து, தேவைப்படும்போது எடுத்து ஒலிக்க வைப்பது சாம்பிள். நம்ம விருதுநகர் கணக்குல சொன்னா, அனலாக் என்பது கல்லுல அப்பவே போட்டு எண்ணெயில பொரிச்சு எடுக்கிற பரோட்டா. சாம்பிள் என்பது பொட்டலம் கட்டிவச்ச பரோட்டா.

1980-ல் ரோலண்ட் ஒரு அனலாக் பெட்டியை வெளியிட்டது. டிஆர்-808. அதே வருஷம் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் நிஜ டிரம்மின் சாம்பிளை வைத்து எல்எம்-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். அதன் விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். 808-ன் விலை சுமார் 1,200 டாலர். ஆனால் 808-ன் சத்தம் நிஜ டிரம் மாதிரியே இல்லை. பலரும் பொம்மை என்றார்கள்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு ரகசியம் உண்டு.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்க ஊர்ப் பிள்ளைங்க தெருத்தெருவா நமத்துப்போன வெடிகளைப் பொறுக்குவாங்க. வெடிக்காததைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தினா 'புஸ்'. (பெற்றோர்களே, இதைத் தயவுசெய்து அனுமதிக்காதீங்க. தீபாவளி முடிந்த வாரத்தில் வெந்த கையும் முகமுமாக வரும் பிள்ளைகளில் பலர் இந்த 'புஸ்' விளையாட்டுக்காரர்கள்தான்.)

காகெஹாஷியும் அப்படித்தான் பொறுக்கினார். டிரான்சிஸ்டர் தயாரிப்பில் தேறாமல் கழிக்கப்பட்ட, இரைச்சல் அதிகமான சரக்கைத் தேடி வாங்கினார். ரேடியோவுக்கு ஆகாத அந்த டிரான்சிஸ்டரின் இரைச்சல்தான் 808-ன் அந்தப் பொரியும் ஓசை. தயாரிப்புத் தொழில்நுட்பம் முன்னேறி, கழிவுச் சரக்கு கிடைப்பது நின்றதும் 808-ம் நின்றது. 1983-க்குள் ஏறக்குறைய 12,000 பெட்டிகள் விற்றதோடு கதை முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். விலை விழுந்த பழைய 808 பெட்டிகள் அடகுக்கடைகள் வழியாக நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் கைக்குப் போயின. அதற்கு முன்பே, 1982-ல் ஆப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாட்டில் அந்த 'டும்ம்ம்' உலகத்தை ஆட்டிவைத்திருந்தது. ஹிப்ஹாப்பின் அடித்தளமே அதுவானது. இன்று தமிழ் ராப் கேட்கும்போது கார் கண்ணாடி அதிர்கிறதே, அந்த அடிக்கும் '808' என்றுதான் பெயர்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. பெயரைக் கேட்டால் சிரிப்பீங்க. டிபி-303! டாக்டர் எழுத்து என்று நினைச்சிடாதீங்க. 'டிரான்சிஸ்டர் பேஸ்' என்பதன் சுருக்கம் அது. 1981-ல் வந்து, சரியாக விற்காமல், 1984-ல் நின்றுபோன பெட்டி. 1987-ல் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதன் திருகுகளைக் கண்டபடி திருகி 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகையே பிறந்தது.

ஆனால் அவர்களுக்கு 5 வருஷம் முன்பே பம்பாயில் ஒருவர் அதைச் செய்துவிட்டார். சரண்ஜித் சிங். இந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்தவர். 808, டிபி-303, ஜூபிடர்-8 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை ஒன்றாக இணைத்து, ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். 1982-ல் எச்எம்வி வெளியிட்ட அந்த இசைத்தட்டின் பெயர் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்ததும் உலகமே அவரைத் தேடிப் போனது. 2015-ல் மறைந்தார். கடைசிச் சில வருஷங்களாவது கைதட்டல் கிடைத்தது.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியின் கருவியும் ஒவ்வொரு பாஷை பேசியது. ஒன்றின் சொல்லை மற்றது கேட்காது. 1981-ல் காகெஹாஷி போட்டிக் கம்பெனிகளிடம் பேசினார். 'எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாஷை வைப்போம்' என்றார். அமெரிக்காவின் டேவ் ஸ்மித் கைகொடுத்தார். 1983 ஜனவரியில், கண்காட்சி ஒன்றில் அமெரிக்கக் கருவியையும் ரோலண்ட் கருவியையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடியது. அதுதான் மிடி. யாரும் அதற்குக் காப்புரிமைக் கட்டணம் வாங்கவில்லை. இலவசம். 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

அந்த ஒரு கேபிள் கோடம்பாக்கத்தையும் மாற்றியது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்தில் கோடம்பாக்கத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையனின் அப்பா ஆர்.கே.சேகர், மலையாளப் பட இசையமைப்பாளர். அவர் 1976-ல் இறந்தபோது பையனுக்கு 9 வயது. அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பின்னாளில் அந்தப் பையன் சிந்தசைசர், சீக்வென்சர் எல்லாம் சேர்த்து வீட்டுப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூடியோ கட்டினார். 1992-ல் 'ரோஜா'. ஏ.ஆர்.ரஹ்மான்.

நம்ம ஊர் ஆக்டோபேட் பிறந்ததும் இந்த மிடியின் வழியில்தான். 1985-ல் வந்த முதல் ஆக்டோபேடுக்குச் சொந்தமாகச் சத்தமே கிடையாது. தட்டினால் மிடி வழியாக வேறு பெட்டியைப் பாட வைக்கும். பிற்பாடு வந்தவற்றில் சத்தமும் உள்ளேயே வந்துவிட்டது. அவை அனலாக் இல்லை, சாம்பிள்தான். ஆனாலும் பாருங்க, 1964-ல் யாருமே வாங்காத 'கையால் தட்டும் பெட்டி'தான் வேறு உருவில் நம்ம திருவிழா மேடைக்கு வந்து சேர்ந்திருக்கு.

இதனால் எல்லாருக்கும் நன்மையா என்றால் இல்லை. பேட் வருவதற்கு முன்னால் மேடையில் தபேலா, டோலக், பாங்கோஸ், டிரம்ஸ் என்று நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஒருத்தர். மற்ற மூணு, நாலு வீட்டு அடுப்பு என்ன ஆனது என்பதையும் இந்த வரலாற்றில் எழுதித்தான் ஆகணும்.

இன்னொரு பக்கம், அனலாக் திரும்பி வந்திருக்கு. 2013-ல் கோர்க் கம்பெனி தன் பழைய எம்எஸ்-20 சிந்தசைசரைச் சின்னதாக்கி மறுபடி வெளியிட்டது. பெரிங்கர் 2019-ல் 808-ஐப் பார்த்து ஆர்டி-8 செய்தது. ஒரு காலத்தில் அடகுக்கடையில் கிடந்த நிஜ 808-க்கு இன்று சேகரிப்பாளர்கள் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

காகெஹாஷி 2017 ஏப்ரல் 1-ல், 87 வயதில் இறந்தார். அப்பா அம்மாவைக் கொன்ற நோயை வென்று, அதற்கப்புறம் 60 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும் அந்தத் தம்பி ஒன்று கேட்டார்.

"அவரு ஆஸ்பத்திரியிலேயே வருஷக்கணக்கா இருந்தாரு. நானும் போயி படுக்கணுமா சார்? வீட்டுல அடுப்பு எரியணுமே."

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடித்ததே நம்ம சென்னைதான்.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரைச் சொந்த வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடு, குறைவான சாப்பாடு, போதாத ஓய்வு. அப்படியும் முடிவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை.

1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. குணப்படுத்தியது மலைக்காற்று இல்லை, விடாமல் சாப்பிட்ட மருந்து. காகெஹாஷி வருஷக்கணக்கில் படுத்துக்கிடந்த நோய்க்கு, அவர் ரோலண்ட் தொடங்குவதற்கு 13 வருஷம் முன்பே, வீட்டில் இருந்தபடி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிரூபித்த ஊர் சென்னை.

அந்தத் தம்பிக்குச் சளிப் பரிசோதனை செய்தோம். கிருமி மருந்துக்குப் பழகியிருக்கவில்லை. பிழைத்தார். மறுபடி ஆரம்பித்தோம்.

எங்க ஊர்ல 'மருந்து' என்றால் ரெண்டு அர்த்தம். ஆலையில் கலக்குவதும் மருந்துதான், நான் எழுதிக் கொடுப்பதும் மருந்துதான். நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "ஆலையில மருந்து அளவை உங்க இஷ்டத்துக்கு மாத்துவீங்களா? மாட்டீங்கல்ல? இதுவும் அப்படித்தான்."

ஆறு மாசம் முடித்தார். ஆலைக்கும் போனார், மேடைக்கும் போனார். குரூப்பில் ஒருத்தரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாராம். அந்த ஆளே தினமும் மாத்திரை சாப்பிட்டாச்சா என்று போன் பண்ணிக் கேட்டிருக்கிறார்.

ஆகவே நண்பர்களே,

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சரியான சிகிச்சை ஆரம்பித்த சில வாரங்களில் பிறருக்குப் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இருமல் நின்றுவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லும் நாள்வரை சாப்பிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது காசநோய் என்றால், தட்டை ஒதுக்கி வைக்காதீங்க. மாத்திரை சாப்பிட்டாச்சா என்று ஒரு போன் பண்ணுங்க.

சிவகாசியை நேரு 'குட்டி ஜப்பான்' என்று சொன்னதாகச் சொல்வார்கள். அடுத்த பங்குனியில் அந்தக் குட்டி ஜப்பான் பக்கம் ஏதாவது ஒரு மேடையில், பெரிய ஜப்பானின் பெட்டியைத் தட்டிக்கொண்டு எங்க தம்பி நிற்பார். பார்த்தால் ஒரு கை தட்டுங்க.